200 அடிக்குக் கீழே நின்ற கம்பம்

மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களை முதல் நாள் ட்ரோனைத் தொடவே விடமாட்டேன். ஒரு விமான விபத்தைச் சொல்லித்தான் வகுப்பை ஆரம்பிப்பேன். "நாங்க ஓட்டப்போறது பத்து லிட்டர் ட்ரோன், அமெரிக்கா விமானம் எங்களுக்கு எதுக்கு சார்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். சரியான கேள்விதான்.

2011 ஜனவரி 10. கலிஃபோர்னியாவில் ஓக்லி என்ற ஊருக்குப் பக்கத்தில், ஆற்று டெல்டாவுக்குள் வெப் டிராக்ட் என்று ஒரு தீவு. அங்கே வயலுக்கு மேலே ராக்வெல் எஸ்-2ஆர் ரக விவசாய விமானம் ஒன்று தாழப் பறந்து வேலை செய்துகொண்டிருந்தது. பட்டப்பகல். காற்றை அளப்பதற்காக ஊன்றியிருந்த ஒரு கம்பத்தில் மோதி விழுந்தது. விமானி பிழைக்கவில்லை.

அந்தக் கம்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காற்றாலை வைப்பதற்கு முன், அந்த இடத்தில் காற்று எப்படி அடிக்கிறது என்று பார்க்க இப்படிக் கம்பம் ஊன்றுவார்கள். ஒல்லியான இரும்புக் குழாய், அதை நாலாபக்கமும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகள். சில மணி நேரத்தில் நட்டுவிடலாம். போன வாரம் காலியாக இருந்த வயலில் இந்த வாரம் நிற்கும். பெயின்ட் அடிக்காத சாம்பல் நிறம், வானத்தோடு கலந்துவிடும். உயரம்? அமெரிக்க விதிப்படி பொதுவாக 200 அடியைத் தாண்டினால்தான் விமானத் துறைக்குச் சொல்ல வேண்டும். இந்தக் கம்பங்களில் பெரும்பாலானவை அதற்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பெரிய விமானங்களுக்கு அந்த உயரத்தில் வேலையே இல்லை. விவசாய விமானிக்கோ பிழைப்பே அங்கேதான். பயிருக்குப் பத்துப் பன்னிரண்டு அடி மேலே, மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில்.

விபத்தை விசாரித்தது என்.டி.எஸ்.பி. எனப்படும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். விமானி தடையைப் பார்த்து விலகத் தவறினார் என்பதுதான் அவர்கள் எழுதிய காரணம். நம்மூர் விசாரணையாக இருந்தால் இதோடு கோப்பை மூடியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். அவர்கள் இன்னும் இரண்டு காரணங்களைச் சேர்த்தார்கள். கம்பம் கண்ணில் படும்படி இல்லை. அங்கே ஒரு கம்பம் இருக்கிறது என்று பறப்பதற்கு முன் தெரிந்துகொள்ள விமானிக்கு வழியும் இல்லை.

அதே 2011இல் எஃப்.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க விமானத் துறை, இந்தக் கம்பங்களுக்கு ஆரஞ்சும் வெள்ளையுமாக மாற்றி மாற்றிப் பெயின்ட் அடியுங்கள், கம்பிகளில் பந்து மாட்டுங்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அடித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 2013இல் என்.டி.எஸ்.பி. அதைக் கட்டாயமாக்கச் சொன்னது, கம்பங்களுக்கு ஒரு பதிவேடும் கேட்டது. நாடாளுமன்றம் சட்டம் போட 2016 ஆயிற்று. 2018இல் அதையும் திருத்தினார்கள். ஒரு டப்பா பெயின்டுக்கு இத்தனை வருடம்.

அப்புறம், நம் கதைக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் நெல் வயல் ஒன்றில் என் மாணவர் ஒருவர் ட்ரோனை ஸ்டே கம்பியில் விட்டுவிட்டார். மின்கம்பத்தை அவர் நன்றாகப் பார்த்திருந்தார், தள்ளியும் ஓட்டினார். கம்பத்திலிருந்து சரிந்து வரப்பில் இறங்கிய கம்பிதான் தெரியவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் தெரியவில்லை. கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பம்தான் தெரியும். அதனால் கம்பத்தைப் பார்த்ததும், "இதிலிருந்து எது எங்கே போகிறது?" என்று கண்ணால் தொடர வேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இதுதான். ட்ரோனை வண்டியிலிருந்து இறக்கும் முன் வயலைச் சுற்றி வரப்பிலேயே ஒரு நடை. நிலத்துக்காரர் கூடவே வர வேண்டும். மோட்டார் கொட்டகைக்குப் போகும் ஒயர், கேபிள் டிவி ஒயர், மயிலை விரட்டக் கட்டிய நைலான் கயிறு எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்வோம். போன தடவை வந்த வயலாக இருந்தாலும் மறுபடி நடப்போம். மின் கம்பியை யாரும் தொடக் கூடாது. கம்பத்துக்கும் ஸ்டே கம்பிக்கும் தள்ளி, வரப்பில் ஒரு குச்சியை நட்டு வெள்ளை உரச்சாக்கை மாட்டிவிடுவோம். சாக்கு நிலத்துக்காரரே தருவார்.