பலகை இல்லாத தெருவில் என்ன வேகம்?

இராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரையிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு குடியிருப்புத் தெருவுக்குள் வண்டி திரும்புகிறது. வேகப் பலகை எதுவும் கண்ணில் படவில்லை. மத்திய அரசு 2018 ஏப்ரலில் அறிவித்த பட்டியலைப் பார்த்தால், நகராட்சி எல்லையிலும் மற்ற சாதாரணச் சாலைகளிலும் உச்சவரம்பு காருக்கு மணிக்கு 70 கி.மீ., பைக்குக்கு 60. எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துக்கும் இதே எண்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆவது பிரிவின்படி மாநில அரசு இதைக் குறைக்கலாம். ஆனால் தெருத்தெருவாக அறிவித்துப் பலகை நடுவது இந்தக் கடற்கரைக்குச் சரிப்படாது. உப்புக்காற்றில் இரும்புப் பலகை துருவேறி, எண்ணே தெரியாமல் போய்விடும். அதன்பின் அபராதம் போட்டால் வாதம்தான் மிஞ்சும். இயல்பு வேகவரம்பு, அதாவது பலகை இல்லாத தெருவுக்குத் தானாகவே பொருந்தும் வரம்பு வந்தால், இது தலைகீழாகும். பலகை இல்லாவிட்டால் 30; அதற்கு மேல் போகலாம் என்கிற சாலைக்குத்தான் பலகை வேண்டும்.

30 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஆளைப் பார்த்து, பிரேக்கை அழுத்த ஓட்டுநருக்கு 1.5 விநாடி ஆகும் என்று கொள்வோம். 30இல் வரும் வண்டி அதற்குள் 12.5 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் இன்னும் ஏறக்குறைய 6 மீட்டர். மொத்தம் 18 மீட்டரில் நின்றுவிடும். 50இல் வந்தாலோ பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே 21 மீட்டர் போயிருக்கும். முதல் வண்டி நின்ற இடத்தை இரண்டாவது வண்டி முழு வேகத்தில் கடக்கிறது. அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றால் 50 கி.மீ. மோதல் அப்படியே அதன் மேல் விழும். உயரத்தில் சொன்னால் 30 என்பது மூன்றரை மீட்டரிலிருந்து, அதாவது தரைத்தளம் மட்டுமே உள்ள வீட்டின் கூரையிலிருந்து விழுவது. 50 என்பது பத்து மீட்டர் பனையின் உச்சியிலிருந்து விழுவது.

இது காய்ந்த, சுத்தமான சாலைக்கான கணக்கு. ஆடிக்காற்றில் சாலையில் மணல் படிந்து டயரின் பிடிப்பு பாதியாகக் குறைந்தால், 30இல் நிற்க 24 மீட்டரும் 50இல் 53 மீட்டரும் வேண்டும். வளைவில் சீமைக்கருவேலம் சாய்ந்து மறைத்திருந்தால் 53 மீட்டர் தூரம் கண்ணுக்கே தெரியாது.

சரி, எது குடியிருப்புத் தெரு? சட்டம் எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். 2021 மே முதல் ஸ்பெயின் ஊர்ப்புறத் தெருக்களில் ஒரு திசைக்கு ஒரே தடம் இருந்தால் 30 என்று வைத்தது. 2023 செப்டம்பரில் வேல்ஸ், தெருவிளக்குகள் 200 கெஜத்துக்கு மிகாத இடைவெளியில் உள்ள சாலைகளுக்கு மணிக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ. என்றது. இரண்டுமே ஓட்டுநர் வண்டியிலிருந்தபடியே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய அடையாளங்கள். இராமநாதபுரம் கரைக்குத் தட எண்ணிக்கை ஒத்துவராது. மண்டபம் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையே பல இடங்களில் திசைக்கு ஒரு தடம்தான். விளக்குக் கணக்கே பொருந்தும். நெடுஞ்சாலையை விலக்கிவிட்டு, வீடுகள் நெருங்கும் பகுதிகளுக்குத் தனிப் பலகை வைக்கலாம்.

சட்டம் மாறினால் மட்டும் கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழுந்துவிடாது. நேராகவும் அகலமாகவும் இருக்கும் தெரு வேகத்தைக் கேட்டு வாங்கும். அங்கே ஸ்பீடு பிரேக்கர் தேவை, ஆனால் நம் ஊர்களில் இரவோடு இரவாகக் கொட்டும் சிமென்ட் திட்டு அல்ல. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மெல்லிய வளைவு, 25 கி.மீ. வேகத்தில் குலுங்காமல் ஏறி இறங்கலாம். 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும். ஒரு அடி அகலத்தில் செங்குத்தாக எழும் திட்டு, பின்சீட்டில் மீன்கூடை கட்டிய டூவீலரைத்தான் கவிழ்க்கும்.

எந்தத் தெருவுக்கு ஸ்பீடு பிரேக்கர் தேவை என்று அறிய ரேடார் வேண்டியதில்லை. 50 மீட்டர் அளந்து இரண்டு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். தெரு காலியாக இருக்கும் நேரத்தில், கைபேசி ஸ்டாப்வாட்சில் 100 வண்டிகளுக்கு நேரம் எடுங்கள். 6 விநாடி என்றால் 30, 3.6 விநாடி என்றால் 50. வேகமான 15 வண்டிகளை நீக்கியபின் மிஞ்சுவதில் மிக வேகமானதே அந்தத் தெருவின் வேகம். அந்த வண்டி 5 விநாடிக்குள் கடந்திருந்தால் ஸ்பீடு பிரேக்கர் போட வேண்டிய தெரு அது.