ள-வைத் தொட்ட விரல்

"ஒலியைக் கேட்டு எழுத்தைத் தொடும் கைபேசி விளையாட்டில் பிள்ளை சரியாகத்தான் தொடுகிறான். தெரிந்து தொடுகிறானா, குருட்டாம்போக்கில் தொடுகிறானா என்று செயலிக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தெரியாது. சந்தேகப்படும். அந்தச் சந்தேகத்தை ஓர் எண்ணாக எழுதி வைத்துக்கொள்ளும். இதற்கான கணக்கை 1990-களின் நடுவில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்பெட்டும் ஆண்டர்சனும் வகுத்தார்கள். அடிப்படை, பள்ளியில் படித்த பேய்ஸ் தேற்றம்: புதிய சான்று வந்ததும் பழைய ஊகத்தைத் திருத்தும் வழி.

'ழ'வை எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்கு இது தெரிந்திருக்க 40% வாய்ப்பு என்று விளையாட்டு தொடங்குகிறது. திரையில் நான்கு எழுத்துகள். தெரியாமல் தொட்டாலும் 25% சரியாகிவிடும். தெரிந்தும் கை தவற 10%. ஒரு முறை ஆடியதிலேயே புதிதாகக் கற்றுக்கொள்ள 15%. சரியாகத் தொட்டதும், தெரிந்து தொட்டிருக்க 0.4 × 0.9 = 0.36; தெரியாமல் தொட்டிருக்க 0.6 × 0.25 = 0.15. 0.36-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 0.51-ஆல் வகுத்தால் 71%. மீதி 29-இல் 15% இப்போது கற்றதாகச் சேர்க்க 75% ஆகிறது. அடுத்ததும் சரி என்றால் 93%, மூன்றாவதில் 98%. மாறாக, இரண்டாவது முறை தவறு என்றால் 75 தடாலென்று 39-க்கு இறங்கும், அதாவது கிட்டத்தட்ட ஆரம்பித்த இடத்துக்கே. திரையில் இரண்டே எழுத்துகள் இருந்தால் முதல் சரியான விடைக்கு 61% தான். இரண்டு தெரிவு வைத்த விளையாட்டு மெதுவாகத்தான் பிள்ளையைப் புரிந்துகொள்ளும். 'செயற்கை நுண்ணறிவு' என்று விளம்பரப்படுத்துவதில் பல நேரம் இந்தக் கூட்டல் பெருக்கல்தான் இருக்கிறது. அதில் குறையொன்றும் இல்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது தவறான விடைகள். 'ழ' என்ற ஒலிக்கு 'ள'வைத் தொட்டால் காது பிரிக்கவில்லை. 'கே'க்கு 'கெ'யைத் தொட்டால், நெடிலைக் கேட்கவில்லையா, கொம்பின் மேல்சுழியைப் பார்க்கவில்லையா என்ற கேள்வி வருகிறது. அடுத்த சுற்றில் ஒலியை விட்டுவிட்டு இரண்டு 'கே', ஒரு 'கெ' காட்டி, ஒரே மாதிரி இருப்பதைச் சேர்க்கச் சொன்னால் விடை கிடைத்துவிடும். தெரிவுகளில் சம்பந்தமில்லாத 'ஐ', 'ஃ' என்று போடுகிற விளையாட்டுக்கு இந்தத் துப்பே கிடைக்காது.

247 எழுத்துக்கும் 247 கணக்கு வைப்பது வீண். தனி உயிரையும் ஆய்தத்தையும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை மெய் 18, உயிர்க்குறி 11, புள்ளி ஒன்று என்று பிரித்தால், 'கி' படித்த பிள்ளைக்கு 'மி'யில் பாதி தெரியும் என்று ஊகிக்கலாம். உகரத்தில் இது உடைகிறது: கு, சு, து மூன்றிலும் குறி வேறு வேறு. இவற்றுக்குத் தனிக் கணக்குதான் வேண்டும். வேறு மொழிக்குச் செய்த நிரலை அப்படியே தமிழுக்குத் திருப்பும்போது விடுபடுவது இதுதான்.

கணக்கு கெடும் வழிகள் சில. அக்கா வந்து தம்பியின் பெயரில் ஆடினால் எண்கள் எகிறும்; ஆளுக்கொரு கணக்கு திறப்பது அவசியம். சரியான விடை அடிக்கடி ஒரே மூலையில் வந்தால் பிள்ளை மூலையைத்தான் கற்கும். ஒலி முடியும் முன்பே விழும் தொடுகையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வாய்விட்டுப் படிக்கச் சொல்லும் விளையாட்டில் சிக்கல் இன்னும் பெரிது. வளர்ந்த ஆணின் குரல்பாதை (குரல்வளையிலிருந்து உதடு வரையிலான குழாய்) சுமார் 17 செ.மீ., ஐந்து வயதுப் பிள்ளைக்கு 12 செ.மீ. அளவில்தான். குழாய் குட்டையாக இருப்பதால் ஒத்ததிர்வுகள், அதாவது குழாய் வலுவாக ஒலிக்கும் அதிர்வெண்கள், மேலேறுகின்றன. பெரியவர் குரலில் பழகிய கணினி சரியான வாசிப்பையும் தவறென்கிறது. குழந்தைகளின் தமிழ்க் குரலைப் பெற்றோர் ஒப்புதலோடு பதிந்து பொதுவில் வைக்கும் வேலைக்குத்தான் ஆராய்ச்சிப் பணம் முதலில் போக வேண்டும் என்பேன். அதுவரை, குரல்வழி வந்த 'தவறு'க்குக் கை தவறும் விகிதத்தை 10-இலிருந்து 30-க்கு உயர்த்தி வைப்பது நல்லது. அப்போது அதே 75, ஒரு தவறுக்கு 39-க்குப் போகாமல் 61-இல் நிற்கும்.