இதயத்தின் கணுவுக்குக் கிலோமீற்றர் தெரியாது

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஜூலை மாதம் வந்துவிட்டால் அவர் வீட்டில் இரவுச் சாப்பாடு பிந்திவிடும். பிரான்சில் மாலை ஐந்தரை மணிக்கு, மூன்று வார சைக்கிளோட்டமான டூர் டி பிரான்ஸின் அன்றைய கட்டம் முடியும்போது கொழும்பில் இரவு ஒன்பது மணி. அதுவரை தொலைக்காட்சியின் முன்னிருந்து யாரும் எழும்புவதில்லை. அவருடைய மாமா பிரிமோஸ் ரொக்லிச்சின் ரசிகர், தம்பி ததேய் பொகாச்சரின் பக்கம். மாமாவின் வாதம் இது: ரொக்லிச் பனிச்சறுக்குத் தாண்டல் வீரராக இருந்து, இருபது வயதுக்குப் பிறகு சைக்கிளுக்கு வந்தவர். "மற்றவர்கள் சிறுவயதிலிருந்தே மிதித்த கால்கள். இவருடைய கால்கள் பத்து வருடம் புதியவை." தம்பியின் பதில்: "கால் புதிதாக இருக்கலாம் மாமா, ஆள் புதிதில்லையே."

ரொக்லிச் இனியும் டூரை வெல்வாரா, யார் சொல்வது சரி என்று வாசகி கேட்கிறார்.

முதலில் பதிவுகளைப் பார்த்துவிடுவோம். 1989 ஒக்டோபரில் ஸ்லோவேனியாவில் பிறந்த ரொக்லிச், ஸ்பெயினின் மூன்று வார ஓட்டமான வுவெல்டாவை நான்கு தடவை வென்றவர். நான்காவது வெற்றி 2024 இல், 34 வயதில். அதேபோன்ற இத்தாலியின் ஜீரோவை 2023 இல் 14 செக்கன் வித்தியாசத்தில் வென்றார். டூர் மட்டும் கைகூடவில்லை. 2020 இல் முடிவுக்கு முதல்நாள் வரை, முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜேர்சி அவரிடம் இருந்தது, 57 செக்கன் முன்னிலையுடன். அன்று மலையேற்றத்தில் முடிந்த, ஒவ்வொருவரும் தனித்தனியே கடிகாரத்துக்கு எதிராக ஓடும் தனிநபர் நேர ஓட்டத்தில், 22 வயது நிறைய இரண்டு நாள் இருந்த பொகாச்சர் அதைப் பறித்துக்கொண்டார். இறுதி வித்தியாசம் 59 செக்கன். 2021, 2022, 2024 டூர்களில் ரொக்லிச் விழுந்து, இடையில் விலகினார். 2025 இல் முடித்தார், 8 ஆம் இடம். அவருடைய சொந்த அணியில் 24 வயது ஃபுளோரியான் லிப்போவிட்ஸ் 3 ஆம் இடத்தைப் பிடித்தார்.

டூரை வென்றவர்களில் மிக மூத்தவர் பெல்ஜியத்தின் ஃபேர்மின் லம்போ. 1922 இல் வென்றபோது அவருக்கு 36 வயது. ரொக்லிச் இனி எந்த ஜூலையில் வென்றாலும் அந்தச் சாதனை இவருடையதாகிவிடும். நூறு வருடமாக யாரும் அதை அசைக்கவில்லை என்பதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

சமதரையில் காரணத்தைத் தேட வேண்டியதில்லை. அங்கே எதிரி காற்றுத்தடை. 121 பேர் கொண்ட கூட்டத்தை 2018 இல் காற்றுச் சுரங்கத்திலும் கணினியிலும் ஆராய்ந்தபோது, கூட்டத்தின் நடுவே பதுங்கி ஓடுபவர் தனியாக ஓடுபவர் சந்திக்கும் தடையில் 5 முதல் 10 வீதத்தைத்தான் சந்திக்கிறார் என்று தெரிந்தது. அனுபவமுள்ளவர் அங்கே நாள் முழுவதும் ஒளிந்திருக்கலாம். மார்க் கவெண்டிஷ் 2024 இல் 39 வயதில் தமது 35 ஆவது டூர் கட்டத்தை வென்றது சமதரை முடிவொன்றில்தான். கடைசிச் சில செக்கன் வேகத்துக்கு இதயத்தைவிடத் தசையிலிருக்கும் சக்திச் சேமிப்பே போதும். மலையில் ஒளிய இடமில்லை. ரம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு சைக்கிளில் ஏறியவர்களுக்கு இது தெரியும். வேகம் குறைகிறது, காற்றுத்தடை சிறிதாகிறது, எடையைப் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்கும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. முக்கால் மணி நேரம் நீடிக்கும் அந்த வேலைக்கான வலு ஒட்சிசனிலிருந்து வருகிறது. தசைக்குப் போகும் ஒட்சிசனின் அளவு எவ்வளவு? அடொல்ஃப் ஃபிக் 1870 இல் சொன்னதுதான்: இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் குருதி, பெருக்கல் ஒவ்வொரு லீற்றரிலிருந்தும் உடல் எடுத்துக்கொள்ளும் ஒட்சிசன். வெளியேறும் குருதி என்பது ஒரு துடிப்பில் வெளியேறுவது, பெருக்கல் துடிப்புகளின் எண்ணிக்கை.

இந்தப் பெருக்கலில் பயிற்சியால் மாற்ற முடியாத காரணி ஒன்றுதான்: உச்சத் துடிப்பு. அதைத் தீர்மானிக்கும் இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இதயத்தின் வலது மேலறையான வலது சோணையின் சுவரில், மேற்பெருநாளம் என்ற பெரிய குருதிக்குழாய் வந்து சேரும் இடத்தருகே, ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு கணு இருக்கிறது. மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர் அகழெலியின் இதயத்தில் கண்டு, தம் ஆசிரியர் ஆர்தர் கீத்துடன் 1907 இல் வெளியிட்டார். நம் ஒவ்வொரு துடிப்பும் அங்கேதான் பிறக்கிறது.

மற்ற நரம்புக் கலமோ தசைக் கலமோ கட்டளை வரும்வரை அசையாமல் இருக்கும். அதன் மென்சவ்வுக்கு இருபுறமும் உள்ள மின்னழுத்த வித்தியாசம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும். கணுவின் கலத்துக்கு அந்த நிலைப்பு கிடையாது. ஒரு துடிப்பு முடிந்து அழுத்தம் சுமார் −60 மில்லிவோற்றுக்கு இறங்கியதும், அந்த இறக்கமே அடுத்த ஏற்றத்தைத் தொடக்கிவிடுகிறது. அழுத்தத்தைப் பார்த்துத் திறந்து, மின்னேற்றமுள்ள அணுக்களான அயன்களை விடும் வாயில்கள் பெரும்பாலும் அழுத்தம் ஏறும்போதே திறப்பவை. இந்தக் கலத்தில் நிறைந்திருக்கும் ஒரு வகை வாயிலோ அதற்கு நேர்மாறு: அழுத்தம் கீழே போகப் போகத்தான் திறக்கும். அதன் வழியாகச் சோடியம் உள்ளே கசிகிறது. அழுத்தம் மெல்ல மேலேறுகிறது. −40 ஐ நெருங்கியதும் கல்சிய வாயில்கள் திறக்கின்றன, அதுதான் துடிப்பு. பிறகு பொற்றாசியம் வெளியேறி அழுத்தத்தைக் கீழே இழுக்கிறது. கீழே வந்ததும் அந்த நேர்மாறான வாயில் மறுபடி திறக்கிறது. மூளை ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கருவில் நான்காம் வாரமளவில் தொடங்கும் இந்தச் சுற்று உயிருள்ளவரை நிற்பதில்லை. கலத்தினுள்ளே சேமிப்பிலிருந்து கசியும் கல்சியமும் இதற்குத் துணைபோகிறது. இரண்டில் எது முதன்மை என்ற விவாதம் ஆய்வாளரிடையே நடந்துகொண்டே இருக்கிறது.

ஹிலரி பிரவுண், டாரியோ டிஃபிரான்செஸ்கோ, சூசன் நோபிள் ஆகிய மூவரும் 1979 இல் ஒக்ஸ்போர்ட்டில் முயலின் கணுவை ஆராய்ந்து, அதிரினலின் இதயத்தை எப்படி விரைவுபடுத்துகிறது என்பதற்கு விடையை இந்தக் கசிவு உண்டாக்கும் மின்னோட்டத்தில் கண்டார்கள். அதிரினலின் வந்ததும் கலத்தினுள் வட்ட ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு பெருகுகிறது. அது வாயிலின் உட்புறத்தில் நேரே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் வாயில் இன்னும் முந்தியே திறக்கிறது, கசிவு கூடுகிறது, −60 இலிருந்து −40 வரையான ஏற்றம் குறுகிய நேரத்தில் முடிகிறது. மலையில் எதிராளி பாய்ந்து முன்னேறும்போது ஒரு வீரரின் நாடி விறுவிறென்று ஏறுகையில் உள்ளே நடப்பது இதுதான்.

நரம்புகளின் தலையீடு இல்லாமல் விட்டால் இந்தக் கணு தானாக எவ்வளவு துடிக்கும்? விரைவுபடுத்தும் பரிவு நரம்பையும் மெதுவாக்கும் பரபரிவு நரம்பையும் மருந்தால் ஒரே நேரத்தில் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1970 இல் வெளியான அளவீடுகளின் சூத்திரம்: 118.1 இலிருந்து வயதின் 0.57 மடங்கைக் கழிக்க வேண்டும். இருபது வயதில் சுமார் 107, நாற்பதில் 95. நரம்புகள் வெட்டப்பட்ட மாற்று இதயத்துடன் வாழ்பவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் அவருடைய நாடி 90, 100 என்று ஓடுவது இதனால்தான். நமக்கு ஓய்வில் எழுபதாக இருப்பது பரபரிவு நரம்பின் வேலை. காலி வீதி நெரிசலில் பஸ் சாரதி பிறேக்கில் காலை வைத்தபடியே ஊர்வதுபோல அது விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. வயது ஏறும்போது அந்த அழுத்தம் தளர்வதால் ஓய்வுத் துடிப்பு ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது. அதனால் கணு வேகம் இழப்பது அன்றாட வாழ்வில் தெரிவதில்லை. உச்சத்துக்குப் போகும்போது மட்டும் தெரிகிறது.

உச்சத் துடிப்புக்கு உடற்பயிற்சிக் கூடங்களின் சுவரில் 220 இலிருந்து வயதைக் கழி என்று எழுதியிருப்பார்கள். 2001 இல் கொலராடோவில் 351 ஆய்வுகளையும் 18,712 பேரையும் தொகுத்தபோது கிடைத்த சூத்திரம் வேறு: 208 இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்க வேண்டும். இது சராசரிதான், தனிமனிதருக்குப் பத்துத் துடிப்பு அப்படியும் இப்படியும் போகும். ஆனால் அந்தத் தொகுப்பின் பெரிய செய்தி வேறொன்று. நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவருக்கும் நெடுந்தூர வீரருக்கும் உச்சத் துடிப்பு வயதோடு இறங்கும் வேகம் ஒன்றேதான்.

அதே கொலராடோவில் 2013 இல் வயதான எலிகளின் கணுக்கலங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளந்தார்கள். நரம்பும் இல்லை, உடலும் இல்லை, ஒரு பாத்திரத்தில் ஒரு கலம். அங்கேயும் முதிய கலம் இளைய கலத்தைவிட மெதுவாகவே துடித்தது. உச்சமாகத் தூண்டிய பிறகும் இளைய கலத்தை எட்டவில்லை. அந்த நேர்மாறான வாயில்கள் திறக்க இன்னும் ஆழமான இறக்கம் தேவைப்பட்டது. அதாவது முதுமை அந்தக் கலத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

இனி ரொக்லிச்சுக்குக் கணக்குப் போடுவோம். சூத்திரத்தின்படி 22 வயதில் 193, 35 வயதில் 183 அல்லது 184: ஒன்பது துடிப்பு குறைவு. உயர்மட்ட வீரரின் இதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் வெளியேற்றும் என்று வைத்தால், நிமிடத்துக்கு 1.8 லீற்றர் குருதி குறைகிறது. லீற்றருக்கு 165 மில்லிலீற்றர் ஒட்சிசன் எடுக்கப்பட்டால் இழப்பு 300 மில்லிலீற்றர். ஒரு லீற்றர் ஒட்சிசனுக்குச் சுமார் 21 கிலோயூல் சக்தி. அதில் பெடலுக்குப் போவது 23 வீதமளவில். இழப்பு ஏறத்தாழ 24 உவாற்று. மலையில் யாரும் முழு உச்சத்தில் ஏறுவதில்லை, ஆகவே 20 என்று வைப்போம். 400 உவாற்றில் ஏறுபவருக்கு 20 உவாற்று என்பது 5 வீதம். 13.8 கிலோமீற்றர் நீளமான அல்ப் டுவெஸ் ஏற்றத்தை நாற்பது நிமிடத்தில் முடிப்பவருக்கு அது இரண்டு நிமிடம். 59 செக்கனில் டூரை இழந்தவருக்கு இரண்டு நிமிடம் எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

கூர்மையான வாசகர் இங்கே மடக்குவார். இருவருக்கும் ஒரே சூத்திரம் என்றால் பொகாச்சருக்கும் ரொக்லிச்சுக்கும் இடையிலான துடிப்பு வித்தியாசம் 2020 இலும் 2025 இலும் ஒன்றுதானே? ஒன்றுதான். மாறுவது மறுபக்கம். பயிற்சி கூடக் கூடத் துடிப்பொன்றுக்கு வெளியேறும் குருதி, குருதியின் மொத்த அளவு, தசையில் சக்தியை உண்டாக்கும் இழைமணிகளும் நுண்ணிய குருதிக்குழாய்களான மயிர்த்துளைக்குழாய்களும் எல்லாம் வருடக்கணக்கில் வளர்கின்றன. இருபதுகளில் இந்த வரவு, துடிப்பின் செலவைத் தாண்டி நிற்கும். முப்பதின் நடுவில் வரவு தீர்ந்துவிடுகிறது. செலவு மட்டும் தொடர்கிறது. மாமாவின் வாதத்தில் பாதி இங்கேதான் சரியாகிறது. பிந்தி வந்தவருக்கு வரவும் பிந்தியே வரும். முப்பது வயதில் ரொக்லிச் இன்னும் ஏறுமுகமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மற்றப் பாதி தவறு. பனிச்சறுக்கில் கழிந்த வருடங்களையும் கணு வருடங்களாகவே எண்ணிவிட்டது.

துடிப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு மூடநம்பிக்கையையும் தொட்டுவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் இத்தனை துடிப்பு என்று அளந்து வைத்திருக்கிறது, உடற்பயிற்சி செய்தால் அது சீக்கிரம் தீரும் என்று சொல்லிக்கொண்டு நடக்கக்கூட மறுப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எழுபது துடிப்புடன் சும்மா இருப்பவருக்கு ஒரு நாளில் 1,00,800 துடிப்பு. ஓய்வில் ஐம்பது துடிக்கும் பயிற்சியாளர் தினமும் ஒரு மணி நேரம் 150 இல் ஓடினாலும் அவருக்கு 78,000 தான். அவர்கள் கணக்கின்படியே பார்த்தாலும் ஓடுகிறவருக்குத்தான் மிச்சம். அந்த ஐம்பதுக்கும் இதே வாயில் ஒரு காரணம்: பயிற்சி கொடுத்த எலிகளின் கணுவில் இந்த வாயில்கள் குறைந்துவிடுவதை மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2014 இல் காட்டினார்கள்.

முயல் கணுவில் ஒரு விசித்திர மின்னோட்டத்தைத் தேடிய வேலையிலிருந்து ஐவபிராடின் என்ற மருந்து பிறந்தது. அது அந்த வாயிலையே அடைத்து இதயச் செயலிழப்பு நோயாளரின் துடிப்பைக் குறைக்கிறது. 1979 இல் யாராவது "இதனால் என்ன பயன்" என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் அந்த மருந்து இல்லை. நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதம். விமானப்படை ஆண்டுதோறும் நடத்தும் சைக்கிளோட்டத்தில் முப்பது கடந்தவர்களும் இருபது தொட்டவர்களும் ஒரே வெயிலில், ஒரே ஏற்றத்தில் மிதிக்கிறார்கள். அவர்களை வருடாவருடம் அளந்து வைக்க ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடமும் சில மாணவர்களுமே வேண்டும். இதைக்கூடச் செய்யாமல் வெளிநாட்டுச் சூத்திரங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பயிற்சி எதை மாற்றும், எதை மாற்றாது என்பதற்கு நான் அறிந்த மிக அழகான சான்று ஒரு தனிமனிதர். பிரான்சின் ரொபேர் மார்ஷான் 101 வயதிலிருந்து 103 வரை ஓர் ஆய்வுக்குழுவின் திட்டப்படி சைக்கிள் பயிற்சி செய்தார். அவருடைய உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பு 13 வீதம் கூடியது. உச்ச வலு 90 உவாற்றிலிருந்து 125 க்கு ஏறியது. பெடலைச் சுழற்றும் வேகம் நிமிடத்துக்கு 69 இலிருந்து 90 ஆனது. மூச்சின் அளவும் கூடியது. உச்சத் துடிப்பு மட்டும் 134 இல் தொடங்கி 137 இல் நின்றது. ஆய்வாளர்கள் அதை மாற்றமாகவே கொள்ளவில்லை.

ஆகவே வாசகிக்கு என் பதில்: மூன்று வாரமும் மலைக்குமேல் மலையாகப் போடும் டூரை, இருபதுகளில் இருக்கும் இத்தனை பேர் ஒன்றாக ஏறும் காலத்தில், ரொக்லிச் வெல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரப் போட்டிகளும் தனிக் கட்ட வெற்றிகளும் வேறு கதை. அங்கே அவருடைய தந்திரமும் நேர ஓட்டத் திறமையும் அந்த 20 உவாற்றை ஈடுசெய்யும். செப்டெம்பரில் முடியும் வுவெல்டாவை 2013 இல் கிறிஸ் ஹோர்னர் 41 வயதில் வென்றிருக்கிறார். மாமா பந்தயம் கட்டுவதானால் ஜூலையை விட்டு செப்டெம்பர்மீது கட்டட்டும்.