இலையின் கார்பன் எண் மழைமானி அன்று

அண்மையில் ஓர் ஆய்வு மாணவர் எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த அறிக்கையைப் படித்தபோது மனம் மிகவும் வருந்தியது. வேப்பிலையின் கார்பன் ஐசோடோப்பு மதிப்பு (கனமான கார்பன்-13க்கும் இலேசான கார்பன்-12க்கும் உள்ள விகிதம் ஒரு பொதுத் தரத்திலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்ற எண்) −28 என்றும், அடுத்த வயலின் கரும்புத் தோகையின் மதிப்பு −12 என்றும் அளந்தவர், எண் பூஜ்யத்தை நெருங்கினாலே வறட்சிதான் என்று கொண்டு, ஆகவே கரும்பு நின்ற நிலம் கடும் வறட்சிக்கு ஆளானது என்று முடித்திருந்தார். அந்த வயலிலோ கணுக்கால் அளவுக்கு வாய்க்கால் தண்ணீர் நின்றிருக்கிறது. தோகையை வெட்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்ததாக அவரே சொன்னார். இத்தகைய அறிக்கையை இந்த ஆண்டில் நான்காவது முறையாகப் பார்க்கிறேன் என்பதால்தான் இதை எழுத நேர்ந்தது.

கரும்பு, சோளம், மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை சி-4 வகைத் தாவரங்கள்; அதாவது ஒளிச்சேர்க்கையில் முதலில் நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட சேர்மத்தை உருவாக்குபவை. நெல்லும் வேம்பும் புளியும் தேக்கும் மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட சேர்மத்தை உருவாக்கும் சி-3 வகை. கரியமில வாயுவை முதலில் பிடிக்கும் நொதியே இவ்விரு வகைக்கும் வேறு. அதனால் சி-4 தாவரங்களின் மதிப்பு பெரும்பாலும் −9 முதல் −15 வரையிலும், சி-3 தாவரங்களின் மதிப்பு ஏறத்தாழ −20 முதல் −37 வரையிலும் அமைகிறது. கரும்புக்கு எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் அதன் எண் வேம்பின் எண்ணாக மாறாது. வேம்பை எவ்வளவு காயவிட்டாலும் அது கரும்பின் எண்ணைத் தொடாது. மாணவர் கண்ட 16 அலகு வேறுபாடு இரண்டு தாவர வகைகளுக்கு இடையிலான வேறுபாடே தவிர, மழையின் வேறுபாடு அன்று. இரு வகைகளையும் ஒரே வரைபடத்தில் இட்டு ஒரே கோட்டை இழுக்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் அடுத்த பருவத்தில் அதே கோடு மீண்டும் வந்துவிடுகிறது.

தட்பவெப்பத்தின் தடம் இலையில் பதிவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. சி-3 தாவரம் வறட்சியில் இலைத்துளைகளைச் சுருக்கிக்கொள்ளும்போது கார்பன்-13ஐ ஒதுக்குவது குறைந்து, எண் பூஜ்யத்தை நோக்கி நகர்கிறது. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த இரு உலகளாவிய தொகுப்பாய்வுகளும் ஆண்டு மழையளவே சி-3 இலைகளின் மதிப்போடு வலுவாகப் பொருந்துகிறது என்று காட்டின. ஆனால் அந்தப் பொருத்தம் நூற்றுக்கணக்கான இடங்களைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. ஒற்றை இலையிலிருந்து மழையைக் கணிக்க அது இடம் தருவதில்லை. ஒரே மரத்தின் உச்சியில் வெயில் காய்ந்த இலைக்கும் அடிக்கிளையின் நிழலிலை ஒன்றுக்கும் இடையில் சில அலகுகள் வேறுபடும். அடர்காட்டின் தரையோரச் செடிகள் −31க்கும் கீழே போகும். உயரமான மலையில் எண் ஏறும். ஒரே அளவு மழை பெறும் இடங்களிலும் ஊசியிலை மரங்களின் எண் அகன்ற இலை மரங்களின் எண்ணைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

நீலகிரியின் கரிச்சதுப்பு மண்ணை, அதாவது பழந்தாவரங்கள் அரைகுறையாக மக்கிப் படிந்த மண்ணை, ஆராய்ந்து ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்டோர் 1993-இல் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் தட்பவெப்ப மாற்றத்தை விவரித்தார்கள். அவர்களும் எந்தவொரு செடியின் வாட்டத்தையும் அளந்து அதைச் சொல்லவில்லை. வறண்ட காலத்தில் சி-4 புற்களும் ஈரமான காலத்தில் சி-3 தாவரங்களும் ஓங்கிய விகிதத்தைத்தான் மண்ணில் படித்தார்கள். இன்றைய சோலைமரமும் இன்றைய புல்லும் எந்த எண்ணைத் தருகின்றன என்று தெரியாதவரால் அந்தப் படிப்பைச் செய்யவே முடியாது.

காற்றும் மாறிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ −6.5 ஆக இருந்த காற்றின் கரியமில வாயுவின் மதிப்பு, நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிந்ததால் இன்று −8.5ஐ ஒட்டி நிற்கிறது. அந்தக் காற்றை எடுத்துக்கொள்ளும் இலையின் எண்ணும் அதனோடு இறங்கும். 19-ஆம் நூற்றாண்டின் உலர்ந்த இலையையும் இன்றைய இலையையும் திருத்தமின்றி ஒப்பிட்டு, மழை கூடிவிட்டது என்று எழுதுவது பெரும் பிழை.

இனி மாதிரி எடுப்போர் தயவுசெய்து கேளுங்கள். ஒரே இனத்தில் பல மரங்களிலிருந்து எடுங்கள். வெயில் படும் முதிர்ந்த இலைகளை மரத்தைச் சுற்றிலும் பறியுங்கள். வாகனப் புகை சூழும் சாலையோரத்தைத் தவிருங்கள். பிளாஸ்டிக் பையில் அடைக்காதீர்கள். வியர்த்துப் பூஞ்சை பிடித்த இலையை எங்களால் மீட்க இயலாது. காகித உறையில் இட்டு, முடிந்தால் அன்றைக்கே 60 டிகிரி அளவில் உலர்த்துங்கள். நாங்கள் கருவியில் எரிக்கும் பொடி ஒரு கடுகின் எடைகூட இராது என்பதால், நரம்பும் பரப்பும் ஒன்றாகக் கலக்கும்படி நன்கு அரையுங்கள். உறையின் மேல் இனம், இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், வெயிலா நிழலா என்ற குறிப்பு, பறித்த நாள், நீர் பாய்ச்சிய நிலமா என்ற விவரம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடுகிறது.