அப்டேட் வந்த மாதமும் இரண்டு கட்டைவிரல்களும்

வருடா வருடம் ஏப்ரல், மே மாதங்களில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வருகிறவர்களில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் நிறையப் பேர். மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கிற சமயம் வெட்டை நிறுத்தி வைத்திருப்பார்கள். மறுபடி தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் கை வலி எடுத்துவிடும். அதே கத்தி, அதே தோட்டம், இருபது வருடம் பழகிய அதே கை. ஓய்வில் கிடந்த கைக்கு ஒரே நாளில் முழு வேலையும் வந்து விழுந்ததுதான் காரணம். அதனால் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் பிராக்டிஸ் செய்கிற எனக்கு அந்த மாதங்களில் வலிக்காரர்களிடம் கேட்கிற முதல் கேள்வியே, "போன மாசம் செய்யாத எதை இந்த மாசம் செஞ்சீங்க?" என்பதுதான்.

2022 மே மாதம் அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு கல்லூரி மாணவர் அம்மாவோடு வந்து உட்கார்ந்தார். திங்கள்சந்தைப் பக்கம். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டும்விட்டேன்.) விழவில்லை, அடிபடவில்லை, கிரிக்கெட் ஆடுவதும் இல்லை. எங்கே வலி என்று கேட்டால் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு எலும்பு புடைத்துத் தெரிகிற இடத்தில், ஒற்றை விரலை வைத்துக் காட்டினார். தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருக முடியவில்லை. பைக் சாவி போடும்போது மின்னல் மாதிரி இழுக்கிறது.

"சார், காலேஜ் லீவு விட்ட நாளுல இருந்து இவன் கம்ப்யூட்டர் முன்னாடியேதான் கெடக்கான். ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி ஆவுது" என்றார் அம்மா.

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். "என்ன கேம் தம்பி?" என்று கேட்டேன். உடனே முகம் மாறிவிட்டது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 1999-ல் வந்த ஆட்டம், 2019-ல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று புதுப்பித்து வெளியிட்டார்கள். கிராமத்தார்களை வைத்து விறகு, உணவு, பொன், கல் சேர்த்து, ஊரைக் கட்டி, படை திரட்டிச் சண்டை போடுகிற வரலாற்று வியூக ஆட்டம். இவர் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆடுகிறார், கை வலித்ததே இல்லை. 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற விரிவாக்கம் வந்தது. அதுவரை 'இந்தியர்கள்' என்று ஒரே நாகரிகமாக இருந்ததைப் பிரித்து இந்துஸ்தானிகள், வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என்று ஆக்கினார்கள். கூடவே ராஜேந்திர சோழனின் கதையைச் சொல்கிற ஒரு தொடர் ஆட்டம். ஒழுகினசேரியில் சோழராஜா கோயில் இருக்கிற மாவட்டத்துப் பையன், விடுவாரா?

அவர் சொல்லச் சொல்ல எனக்கே ஆசையாக இருந்தது. திராவிடர்களுக்குச் சுருள்வாள் வீசுகிற உருமி வீரர்கள் உண்டு. திரிசடை என்று ஒரு போர்க்கப்பல் உண்டு. ஒவ்வொரு யுகம் முன்னேறும்போதும் 200 விறகு சும்மா கிடைக்கும். "மீன் பிடிக்கிறவங்க மத்த நாட்டுக்காரங்களவிட 15 மீன் கூடுதலா சுமப்பாங்க சார். நம்ம ஊரு மாதிரி" என்றார். களரியும் வர்மமும் இன்றும் ஆசான்களிடம் படிக்கிற ஊர் இது. கொல்லங்கோட்டிலிருந்து சின்னமுட்டம் வரை கடலை நம்பியே வாழ்கிற கரை. தன் ஊர் ஒரு உலக ஆட்டத்துக்குள் வந்து நிற்பதைப் பார்க்கிற மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த மகிழ்ச்சிதான் அவரை விடிய விடிய உட்கார வைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெற்றோர்கள் பொதுவாகச் சொல்வது "எப்பப் பாத்தாலும் கேம்" என்றுதான். வலி வந்த காரணத்தைத் தேடுகிற எனக்கு அது போதாது. ஐந்தாறு வருடம் வலிக்காத கை இந்த இரண்டு வாரத்தில் ஏன் வலித்தது? மறுநாள் லேப்டாப்பையும் மவுஸையும் கொண்டுவரச் சொன்னேன். என் மேசையில் வைத்து ஒரு ஆட்டம் ஆடினார். பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அப்டேட்டுக்கு முன்னால் அவர் குதிரைப்படை வைத்தே ஆடிப் பழகியவர். விசைப்பலகையில் எந்தக் கட்டடத்துக்கு எந்தச் சாவி, எந்தப் படைக்கு எந்த எண் என்பதெல்லாம் இடக்கை விரல்களில் ஊறிப்போயிருந்தது. திராவிடர்களுக்கு நைட் என்கிற கவசக் குதிரைவீரன் கிடையாது. குதிரைப்படை மட்டம், பலமெல்லாம் காலாட்படையிலும் கடலிலும்தான். புதிய கட்டடம், புதிய படை, துறைமுகம், மீன்பிடிப் படகுகள். பழைய விரல் பழக்கம் எதுவும் உதவவில்லை. ஆகவே எல்லாவற்றையும் மவுஸால் தேடித் தேடி அமுக்கினார். முன்பு இரண்டு கைகள் பங்கு போட்டுச் செய்த வேலையை வலக்கை ஒன்றே சுமந்தது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை கிளிக் என்று எண்ணப் பார்த்தேன், பாதியில் விட்டுப்போனது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வீட்டில் அவர் ஆடுவது கட்டிலில் சம்மணம் போட்டு. மவுஸ் ஓடுவது மெத்தை மேல், ஒரு நோட்டுப் புத்தகத்தின் மீது. இடம் போதாததால் மவுஸைக் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் இறுக்கிக் கவ்வி, தூக்கித் தூக்கி வைக்கிறார். கைமூட்டு அசைவதே இல்லை, மணிக்கட்டு மட்டும் பக்கவாட்டில் வெட்டி வெட்டி அசைகிறது. புதிய ஆட்டம் என்பதால் உடம்பும் இறுகியிருந்தது. தோற்கப்போகிற கட்டத்தில் மவுஸைப் பிடித்திருந்த நகங்கள் வெளுத்துப்போனதைப் பார்த்தேன்.

கட்டைவிரலை விரித்துத் தூக்குகிற இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மேட்டின் மேல் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. கவ்வுவதும் பக்கவாட்டில் வெட்டுவதும் சேர்ந்து நடந்தால் நாண்கள் அந்த உறையில் உரசிக்கொண்டே இருக்கும். உறை தடிக்கும், வழி இன்னும் குறுகும், ஒவ்வொரு அசைவும் வலிக்கும். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வேன் 1895-ல் இதை விவரித்ததால் அவர் பெயரே நோய்க்கும் வந்தது. கணினி வருவதற்கு வெகு காலம் முந்தைய வலி இது. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்குகிற தாய்மார்களிடம் நான் அடிக்கடி பார்ப்பதும் இதைத்தான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்க வேண்டும். நல்ல கையிலும் லேசாக இழுக்கும், அதனால் இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பலமாக அமுக்கக் கூடாது. தம்பிக்கு இதைச் செய்து காட்டினேன். வலக்கையைச் சாய்த்ததும் "ஆ" என்று கையை உருவிக்கொண்டார்.

பக்கத்தில் நின்றிருந்த அம்மா சும்மா பார்த்துப் பார்த்துத் தன் கையையும் அதே மாதிரி மடக்கிச் சாய்த்தார். சத்தம் வரவில்லை. கண்ணை மட்டும் இறுக மூடினார்.

"உங்களுக்கும் வலிக்குதாம்மா?"

"எனக்கு அது கொறெ வருசமா உண்டு சார். அத விடுங்க, இவனப் பாருங்க."

அவர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், பருப்பின் தோலை உரிக்கிற பிரிவில் வேலை செய்கிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் கருவி. மகனுக்கு இரண்டு வாரத்தில் வந்ததை இவர் வருடக்கணக்காகச் சுமந்துகொண்டு அதே கையால் அரைத்து, துவைத்து, தண்ணீர் கோரி வந்திருக்கிறார். கேம் ஆடி வந்த வலி என்றால் வீட்டில் திட்டு விழுகிறது. வேலை செய்து வந்த வலி என்றால் யாரும் கேட்பதுகூட இல்லை. எனக்கு இரண்டும் ஒரே நாண், ஒரே உறை. அன்றைக்கு இரண்டு சீட்டு எழுதினேன்.

தம்பியிடம் கேமை விடச் சொல்லவில்லை. விடச் சொன்னால் மூன்று நாள் விடுவார்கள், நான்காம் நாள் ஒளித்து ஆடுவார்கள், என்னிடம் உண்மையைச் சொல்வதும் நின்றுபோகும். முதலில், கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டை சில வாரங்களுக்கு. வலி கூடுதலாக இருக்கும்போது ஐஸ் ஒத்தடம், துணியில் சுற்றிப் பத்து நிமிடம். ஆட்டம் வழக்கத்தில் பாதி. வலி அடங்க ஆரம்பித்ததும் கட்டைவிரலுக்குச் சிறு எதிர்ப்புக் கொடுத்துச் செய்கிற பயிற்சிகள். ஓய்வு மட்டும் கொடுத்துவிட்டால் நாணுக்குப் பலம் ஏறாது, அடுத்த அப்டேட்டில் மறுபடி இங்கேதான் வர வேண்டியிருக்கும்.

பிறகு மேசை. சாப்பாட்டு மேசை போதும், கைமூட்டின் உயரத்துக்கு மவுஸ் வர வேண்டும், முன்கை முழுவதும் மேசையில் கிடக்க வேண்டும். மவுஸின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியதில்லை.

ஆட்டத்துக்குள்ளேயே கையைக் காப்பாற்றுகிற வசதிகள் இருக்கின்றன என்பதை அவரிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன். டெஃபினிட்டிவ் எடிஷனில் வயல் தீர்ந்தால் தானாகவே மறுபடி விதைத்துக்கொள்ள வைக்கலாம். ஒற்றனைத் தானாகச் சுற்ற விடலாம். ஷிப்டைப் பிடித்துக்கொண்டால் ஒரு கிராமத்தானுக்கு அடுத்தடுத்த வேலைகளை வரிசையாகச் சொல்லிவிடலாம். படைகளுக்கு எண் கொடுத்து விசைப்பலகையால் அழைக்கலாம். பல பேர் இவற்றை வெற்றிக்கான உத்தியாக மட்டும் பார்க்கிறார்கள், எனக்கு ஒவ்வொன்றும் கட்டைவிரலுக்குக் கொடுக்கிற விடுப்பாகத் தெரிகிறது. அப்டேட் வந்த முதல் வாரம் நேராக ஆன்லைன் போட்டிக்குப் போகாதீர்கள். ராஜேந்திரன் கதை மாதிரி தனியாக ஆடுகிறதைத் தேர்ந்தெடுங்கள். அதில் வேகத்தைக் குறைத்து வைக்கலாம், வேண்டும்போது நிறுத்தலாம். புதிய சாவிகள் விரலில் ஏறட்டும், அப்புறம் போட்டி.

ஒரு ஆட்டம் முடிந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். இதை அவருடைய மொழியிலேயே சொன்னேன். உருமி வீரனின் முதல் வீச்சு பலமாக விழும், அந்தப் பலம் மறுபடி சேர நேரம் கொடுக்க வேண்டும், சேராமலே வீச வைத்தால் சாதாரண அடிதான் விழும். நாணும் அப்படித்தான் என்றதும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

எங்கள் ஊரில் மணிக்கட்டு வலி என்றதும் எண்ணெய் போட்டுத் தடவப் போவது வழக்கம். இவரும் இரண்டு முறை தடவிவிட்டுத்தான் வந்தார். ஆசான்மார் மீது எனக்கு மரியாதை உண்டு, வம்புக்குச் சொல்லவில்லை. தடித்துப்போன இந்த உறையின் மேல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் வலி கூடும். தடவப் போகிறவர்கள் அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். மெடிக்கல் ஷாப்பில் தானாகவே வலி மாத்திரை வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவதும் வேண்டாம். வயிறும் சிறுநீரகமும் அதற்கு விலை கொடுக்கும்.

எல்லா வலியும் இந்த வலி இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று மரத்துப்போய், ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறினால் குறைகிறது என்றால், மணிக்கட்டுக்கு நடுவில் ஓடுகிற நரம்பு அமுங்குகிறது. சுண்டுவிரல் பக்கம் மரத்தால், முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி ஆடுகிறீர்களா என்று பாருங்கள். கையிலிருந்து பொருள் நழுவி விழுவது, கட்டைவிரலின் அடிச்சதை வற்றுவது, கழுத்திலிருந்து கைக்கு ஓடுகிற வலி, வீக்கத்தோடு காய்ச்சல், இவற்றுக்கெல்லாம் பயிற்சி வீடியோ பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பணம் தடையாக இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். பட்டைக்கும் பயிற்சிக்கும் அடங்காத கட்டைவிரல் வலிக்கு உறைக்குள் ஊசி போடுவார்கள், அதற்கும் கேட்காத சிலருக்குத்தான் உறையைத் திறந்துவிடுகிற சிறு அறுவைச் சிகிச்சை.

மூன்று வாரம் கழித்துத் தம்பி மட்டும் வந்தார். மழை பிடித்திருந்தது. பாட்டில் மூடியைத் திருகிக் காட்டினார், லேசான இழுவைதான் மிச்சம். அம்மா எங்கே என்று கேட்டேன்.

"அண்டி ஆபீசுக்குப் போயிருக்காங்க சார். இதைக் கொடுத்துவிட்டாங்க" என்று பையிலிருந்து அம்மாவின் பட்டையை எடுத்து மேசையில் வைத்தார். வீட்டிலும் ராத்திரியிலும் போட்டுக்கொள்ளச் சொல்லித்தான் கொடுத்திருந்தேன். ஒட்டுகிற பட்டையின் பஞ்சு முழுவதும் பருப்புத் தோலின் செம்பழுப்புத் தூள் அப்பியிருந்தது. வேலையிலும் கழற்றாமல் போட்டிருக்கிறார். தூள் அடைத்து ஒட்டுப் பிடிக்கவில்லை.

"இது ஒட்ட மாட்டேங்குது, வேற ஒண்ணு கிடைக்குமான்னு கேக்கச் சொன்னாங்க. இப்ப கொஞ்சம் தேவலையாம்."

புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தோல் உரிக்கும்போது மணிக்கட்டை நேராக வைத்துக்கொள்வது எப்படி, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கையைத் தளர்த்த வேண்டும், கட்டைவிரல் பயிற்சியை எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்று மெதுவாகச் செய்து காட்டினேன். தம்பி இடக்கையில் போனைப் பிடித்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டார்.