"ஃபயர்வால் போட்டிருக்கிறோமே சார், அப்புறம் எப்படி உள்ளே வந்தார்கள்?" இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

போன வாரமும் அதே கதைதான். சின்ன நிறுவனம், வாடகை சர்வர், அதில் டாக்கர் (ஒவ்வொரு மென்பொருளையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி). ஒரு கன்டெய்னரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், பக்கத்திலேயே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். தளம் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று கூப்பிட்டார்கள். ஓடும் நிரல்களைக் காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் சிபியு முழுவதையும் ஒரே ப்ராசஸ் தின்றுகொண்டிருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் சொந்த த்ரெட் ஒன்றின் பெயரை வைத்துக்கொண்டு, கடைசியில் 'ஐ' எழுத்து மட்டும் கூடுதலாக. அவசரத்தில் பார்த்தால் சிஸ்டம் வேலை என்றே விட்டுவிடுவோம். யாருக்காகவோ மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டும் மால்வேர் அது. போஸ்ட்கிரஸின் பாஸ்வேர்டு என்னவென்று கேட்டேன். 'போஸ்ட்கிரஸ்'தான்.

"யூஎஃப்டபிள்யூவில் 22, 80, 443 மட்டும்தான் சார் திறந்திருக்கிறோம்" என்றார் அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. யூஎஃப்டபிள்யூ என்பது அந்த ஃபயர்வால், எண்கள் எல்லாம் போர்ட். ஸ்டேட்டஸையும் காட்டினார், போஸ்ட்கிரஸின் போர்ட்டான 5432 அதில் இல்லவே இல்லை. என் லேப்டாப்பிலிருந்து, திறந்திருக்கும் போர்ட்டுகளைத் தேடும் என்மேப் போட்டேன். 5432 ஓப்பன்.

எத்தனை பேருக்குச் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். எந்தக் கன்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று எழுதிவைக்கும் கம்போஸ் ஃபைலின் போர்ட்ஸ் பகுதியில் 5432:5432 என்று எழுதினால், டாக்கர் அதை 0.0.0.0-இல், அதாவது சர்வரின் எல்லா முகவரிகளிலும் திறக்கும். திறப்பதோடு நிற்காது, லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும். வருகிற பாக்கெட் போக வேண்டிய முகவரி, ப்ரீரவுட்டிங் என்ற முதல் கட்டத்திலேயே கன்டெய்னரின் முகவரியாக மாறிவிடும். பிறகு அது, வேறிடத்துக்கு அனுப்பும் ஃபார்வர்டு வழியாகப் போகும். நீங்கள் யூஎஃப்டபிள்யூவில் போட்ட அலோ, டினை எல்லாம் உட்கார்ந்திருப்பது, சர்வருக்கே வருவதைப் பார்க்கும் இன்புட் வழியில். வாசலில் வாட்ச்மேன் முழித்துக்கொண்டுதான் இருக்கிறார், ஆள் வந்தது கொல்லைப்புறமாக. இது பக் இல்லை. டாக்கரின் ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

எரிச்சல் என்னவென்றால், அந்தப் போர்ட்டைத் திறக்க அவசியமே இல்லை. ஒரே கம்போஸ் நெட்வொர்க்கில் இருக்கும் கன்டெய்னர்கள் சர்வீஸ் பெயரை வைத்தே பேசிக்கொள்ளும். வெளியே தெரிய வேண்டியது என்ஜின்எக்ஸின் 80, 443 மட்டும். டெவலப்பர் வீட்டிலிருந்து டேட்டாபேஸைப் பார்க்க வேண்டுமா? 127.0.0.1:5432:5432 என்று எழுதி, சர்வருக்குள்ளிருந்து மட்டும் திறக்கும்படி வைத்துவிட்டு, எஸ்எஸ்எச் டனல் என்ற பாதுகாப்பான பாதை வழியாக வரச் சொல்லுங்கள். (டாக்கர் 28-க்கு முந்தைய பதிப்பாக இருந்தால், அதே உள் நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு மெஷின் இதையும் தாண்டி வர வழியுண்டு. அப்டேட் பண்ணுங்கள்.)

அடுத்த வசனம்: "கன்டெய்னருக்குள்தானே சார் இருக்கிறது, வெளியே வர முடியாதே." கன்டெய்னருக்கும் சர்வருக்கும் கெர்னல் ஒன்றேதானே ஐயா! கன்டெய்னரை ஓட்டும் நிரலான ரன்சியில் 2019 பிப்ரவரியில் வெளியான ஓட்டையில், கன்டெய்னருக்குள் ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) இருப்பவர் ஹோஸ்டின், அதாவது சர்வரின், ரன்சி நிரலையே மாற்றி எழுத முடிந்தது. அவ்வளவு திறமைகூட வேண்டாம். டாக்கருக்குக் கட்டளை போகும் வழியான டாக்கர் சாக்கெட்டை உள்ளே மவுண்ட் செய்து வைத்திருந்தால், ஹோஸ்டின் ரூட்டை நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரிதான். ரீட் ஒன்லி என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் கவனத்துக்கு: அது ஃபைலுக்குத்தான் காவல், சாக்கெட் வழியாகப் போகும் கட்டளைகளைத் தடுக்காது.

மற்றவை சுருக்கமாக. என்ஜின்எக்ஸுக்கு ரூட் இல்லாமல் 8080-இல் ஓடும் இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) இருக்கிறது, அதை எடுங்கள். இமேஜுக்கு லேட்டஸ்ட் என்று டேக் போடாதீர்கள், பதிப்பு எண்ணை எழுதுங்கள். லாகுக்கு மேக்ஸ் சைஸ் வையுங்கள். டாக்கரின் வழக்கமான ஜேசன் லாகுக்கு வரம்பே கிடையாது, டிஸ்க் நிரம்பி நடுராத்திரியில் தளம் விழுந்த பிறகுதான் எனக்கு போன் வருகிறது. மால்வேர் புகுந்த கன்டெய்னரில் ப்ராசஸை மட்டும் கொல்லாதீர்கள், மறுபடி முளைக்கும். கன்டெய்னரையே தூக்கிப்போட்டு, சுத்தமான பேக்கப்பிலிருந்து எழுப்பி, எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள், ப்ளீஸ். போன் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து, வெளியிலிருந்து உங்கள் சர்வருக்கு என்மேப் போடுங்கள். வெறுமனே போட்டால் பரவலாகப் பயன்படும் 1000 போர்ட்டோடு நின்றுவிடும். 65535-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.