சனிக்கிழமை நாலு மணிக்கு வருவேன் என்று சொன்னால் வர வேண்டும்

துணை தேவைப்படும் பிள்ளைகளுக்கு, ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று வழிகாட்டியாக வர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "நான் என்ன சொல்லிக்கொடுக்கணும்?" என்பதுதான். அதற்கு முன்னால் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த ஒரு வருடம், வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம் என்னால் வர முடியுமா? சந்திப்பு ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் போக வர ஒரு மணி நேரம் ஆகும் என்றால் சனிக்கிழமை மாலை முழுக்க அதற்கே சரியாகிவிடும். கல்யாணம், காதுகுத்து, ஆபீஸ் வேலை, நவம்பர் மழை எல்லாவற்றையும் கணக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு படிவத்தை நிரப்புங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆளுக்கொரு பிள்ளை என்ற இந்த முறையின் பழைய வேர்களில் ஒன்று நியூயார்க்கில் இருக்கிறது. அங்கே சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கோல்டர் 1904இல், வழக்கில் சிக்கிய பையன்களுக்கு ஆளுக்கு ஒருவராகத் துணை நிற்க ஆட்களைத் திரட்டினார். அது 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பாக வளர்ந்தது. அந்த அமைப்பில் 10 முதல் 16 வயது வரையிலான 959 பிள்ளைகளை 18 மாதம் கவனித்து 1995இல் ஓர் ஆய்வு வெளியானது. வழிகாட்டி கிடைத்த பிள்ளைகள் போதைப் பழக்கத்தைத் தொடங்குவது, காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட 46 சதவீதம் குறைவாக இருந்தது. மேடையில் எல்லோரும் சொல்லும் எண் இது. அதே தரவை ஜீன் க்ராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் வேறு கோணத்தில் பார்த்தார்கள். அவர்கள் கண்டதை மேடையில் யாரும் சொல்வதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த வழிகாட்டி-பிள்ளை இணைகளில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன இணைகளில், வழிகாட்டியே கிடைக்காத பிள்ளைகளைவிட அந்தப் பிள்ளைகளின் தன்மதிப்பு கூடுதலாகச் சரிந்திருந்தது. அதாவது, பாதியில் விட்டுப் போவதற்கு வராமலே இருந்திருக்கலாம்.

காரணம் புரியாததல்ல. வழிகாட்டி தேவைப்படும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே ஒரு பெரியவரை இழந்தவர்கள். அப்பா இறந்திருப்பார், அல்லது திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே தங்கியிருப்பார். அதற்கு மேல் இன்னொருவரும் சொல்லாமல் நின்றுவிட்டால், 'எங்கிட்டதான் ஏதோ சரியில்ல' என்று பிள்ளை தானே முடிவு செய்துகொள்ளும்.

நம் ஊரில் ஆள் குறையும் மாதங்கள் முன்கூட்டியே தெரிந்தவை. கல்லூரி மாணவர்கள் நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வென்று காணாமல் போவார்கள். அவர்களை நம்பி ஜூனில் இணை போட்டுவிட்டு நவம்பரில் கையைப் பிசைவது ஒருங்கிணைப்பாளரின் தவறு, மாணவரின் தவறல்ல. நாட்டு நலப்பணித் திட்ட மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை காட்ட வேண்டியிருக்கும். அந்தக் கணக்குக்காக மட்டும் வருபவரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. புத்தகம் அடுக்க, வருகைப் பதிவேடு எழுத, விளையாட்டு நடத்த ஆள் எப்போதும் தேவை. ஒரு பிள்ளையோடு மட்டும் அவரை இணைக்காதீர்கள்.

தூரமும் முக்கியம். 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' பாடம் சொல்லித்தரும் திட்டம், வழிகாட்டல் திட்டமல்ல. மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை என்பது தொடக்கத்தில் அதன் ஏற்பாடு. ஆனால் நமக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. சொல்லித்தருபவர் அதே தெருக்காரர் என்றால் மழையோ பஸ் ஸ்டிரைக்கோ அவரைத் தடுப்பதில்லை. கார் வைத்திருக்கும் நகரத்து அன்பரைவிட, பிள்ளையின் வீட்டிலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கும் மளிகைக்கடைக்காரர் மகள் மேல்.

ஊரின் ஆதரவு என்றால் திறப்பு விழாவுக்கு வார்டு உறுப்பினர் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் அது ஒரு சாவி, ஒரு குக்கர், ஒரு போன் எண். ஊராட்சி நூலகத்தின் சாவி யாரிடம்? அவர் ஊருக்குப் போனால் அடுத்து யாரிடம்? பதினைந்து இணைகள் என்றால் முப்பது பேர் சாப்பிட வேண்டும். ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் ஏறக்குறைய இரண்டேகால் கிலோ ஆகும். ஆளுக்கு 75 கிராம் சுண்டல். அதை வெள்ளிக்கிழமை இரவே ஊறவைக்க வேண்டும். ஊறவைப்பது இந்த வாரம் மகளிர் குழுவில் யார் முறை என்று பெயர் எழுதி ஒட்டாவிட்டால், மறுநாள் பிஸ்கட் பாக்கெட்தான். சுண்டல் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பள்ளி மதிய உணவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாத பிள்ளைக்கும், சனிக்கிழமை அதுகூடக் கிடைக்காத பிள்ளைக்கும், பசியோடு உட்கார்ந்து யாரோடும் பேச வராது. தன்னார்வலரின் பஸ் கட்டணத்தையும் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு நின்றுபோனவர்கள் நிறைய.

இருபது இணைகளுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் போதும், ஆனால் அவர் கட்டாயம் வேண்டும். வாரம் ஒரு போன் வழிகாட்டிக்கு, மாதம் ஒருமுறை வீட்டில் அம்மாவையோ பாட்டியையோ நேரில் பார்ப்பது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைக் காலையில் தேடிப் போய்ப் பயனில்லை.

இனி, உட்கார்ந்த பிறகு. முதல் நாளே "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்காதீர்கள். அப்பா இல்லாத பிள்ளை அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பத்துப் பதில் தயார் செய்து வைத்திருக்கும், பத்தும் பொய்யாக இருக்கும். பல்லாங்குழி இருந்தால் எடுங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. கண்ணைப் பார்த்துக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, கொட்டை பரப்பிக்கொண்டே "நேத்து எங்க வீட்டுல சண்டை" என்று சாதாரணமாகச் சொல்லும். அப்போது விளையாட்டை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தால் பேச்சு நின்றுவிடும். "ம்" என்று சொல்லி உங்கள் முறையை ஆடுங்கள். ஆறாவது படிக்கும் பிள்ளை இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறது என்று தெரிந்தாலும் முதல் மாதமே வாசிப்புச் சோதனை வைக்க வேண்டாம். டியூஷனாக மாறிவிட்டால் வருவதை நிறுத்த ஒரு காரணம் கிடைத்துவிடும்.

பரிசு பற்றி: வேண்டாம். ஷூவோ சைக்கிளோ வாங்கித் தரும்போது, தன்னால் முடியாததை வேறொருவர் செய்துவிட்டாரே என்று குறுகுவது பிள்ளையின் அம்மா. உண்மையிலேயே தேவை இருந்தால் ஒருங்கிணைப்பாளர் வழியாக, பெயர் சொல்லாமல் கொடுங்கள். குழந்தைகள் இல்லங்களில் பிறந்தநாள் கேக் வெட்டிப் பிரியாணி போட்டு, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும் இதோடு சேர்த்தி. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது, இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

பாதுகாப்பில் சலுகையே கிடையாது. காவல் சரிபார்ப்புச் சான்றும், தெரிந்த இருவரின் பரிந்துரையும் வாங்கிய பிறகே இணை. ஊர்ப் பெரியவர் மகன் என்றாலும் அப்படித்தான். சந்திப்பு எப்போதும் நாலு பேர் கண்ணில் படும் இடத்தில்: நூலகம், பள்ளித் தாழ்வாரம், கோயில் மண்டபம். பைக்கில் ஏற்றிப் போவதும் தனியாக வீட்டுக்கு அழைப்பதும் இல்லை.

தனக்கு நடந்த பாலியல் துன்புறுத்தலைப் பிள்ளை சொன்னால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. உன்னைக் காப்பாத்த இதை ஒருத்தர்கிட்ட நான் சொல்லியாகணும்" என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காமல், பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே அன்றே எழுதி வையுங்கள். வீட்டாரிடம் நீங்களே போய் நியாயம் கேட்காதீர்கள். அது பிள்ளைக்கு ஆபத்து. குழந்தைகள் உதவி எண் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள். ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. போக்சோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவு, விஷயம் தெரிந்த எவரும் தகவல் கொடுத்தாக வேண்டும் என்கிறது. 'நிறுவனத்தின் பெயர் கெடும், உள்ளேயே விசாரிப்போம்' என்பதற்கு அதில் இடமில்லை.

இடம் மாறவோ, வேலை மாறவோ நேர்ந்தால் நாலு வாரம் முன்பே பிள்ளையிடம் நீங்களே சொல்லுங்கள். காலண்டரில் மிச்சமிருக்கும் நாலு சனிக்கிழமையையும் வட்டம் போட்டு, பிள்ளையே ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடிக்கட்டும். அழுதாலும் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் வராவிட்டாலும், அடுத்த சனிக்கிழமை நீங்கள் அங்கே இருங்கள். புதிதாக வருபவரை மூன்றாவது வாரம் கூட்டி வந்து மூவருமாக விளையாடுங்கள். "அடிக்கடி வந்து பாக்கறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பொங்கலுக்கு வர முடியும் என்றால் பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அன்று வாருங்கள்.